பட்டியலும் ஒலிநாடாவும்: கேசட் பதிவுக் கடைகளின் காலம்

1970களின் இறுதியிலிருந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில், பேருந்து நிலையத்தை ஒட்டியோ கடைவீதியிலோ ஒரு கேசட் பதிவுக் கடை இருந்தது. ‘மியூசிக்கல்ஸ்’ என்றோ ‘ரெக்கார்டிங் சென்டர்’ என்றோ முடியும் பெயர்ப்பலகை, கண்ணாடிக் கதவு, சுவரை நிறைத்த இசைத்தட்டு உறைகள், வாசலைப் பார்த்து வைத்த இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். வாடிக்கையாளர் ஒரு வெற்று கேசட்டையும் பாடல் பட்டியல் எழுதிய தாளையும் கொடுப்பார். சில நாள் கழித்து வந்து, தான் கேட்ட வரிசையில் பதிவான பாடல்களை வாங்கிப் போவார். தமிழ்ச் சமூகத்தில் சாதாரண வருமானம் உள்ள ஒருவர் தன் ரசனைக்கு ஒரு வடிவம் கொடுத்து அதைக் கையில் வைத்துக்கொள்ள முடிந்தது இந்தக் கடைகளால்தான். அதற்கு முந்தைய முக்கால் நூற்றாண்டில் எந்தப் பாட்டை எப்போது கேட்பது என்பதைப் பெரும்பாலும் பிறரே முடிவு செய்தார்கள்.

கிராமபோன் நிறுவனம் 1902இல் கல்கத்தாவில் இந்தியக் குரல்களைப் பதிவு செய்யத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னையிலும் பதிவுகள் நடந்தன. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோரின் குரல்கள் அப்போது தட்டில் ஏறின. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று அல்லது மூன்றரை நிமிடம்தான் பாட முடியும். மணிக்கணக்கில் விரியும் ராக ஆலாபனையை அந்த அளவுக்குள் சுருக்கிப் பாடும் திறமை தனியாக வளர்ந்தது. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் ஆகியோரின் நாடகப் பாடல்களும், டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் தட்டுகளின் வழியாகத்தான் கச்சேரி பார்த்திராதவர்களை எட்டின. ஆனால் கிராமபோன் பெட்டியும் தட்டும் வசதி படைத்தவர் வீட்டுப் பொருள்களாகவே இருந்தன. மற்றவர்கள் செட்டியார் வீட்டுத் திண்ணையிலோ காபி கிளப் வாசலிலோ நின்று கேட்டார்கள். எந்தத் தட்டு சுழல வேண்டும் என்பது பெட்டிக்குச் சொந்தக்காரரின் விருப்பம்.

வானொலி கேட்போரின் வட்டத்தைப் பெரிதாக்கியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. நகராட்சிப் பூங்காக்களிலும் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் வைத்த ஒலிபெருக்கிகளின் கீழ் ஊரே கூடிச் செய்தியும் பாட்டும் கேட்டது. அங்கும் தேர்வு நிலையத்தின் கையில்தான் இருந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாடலை மலிவான சரக்காகக் கருதினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் ஏறக்குறைய மறைந்துபோயின. செவ்வியல் இசையை மக்களிடம் கொண்டுசெல்வது நல்ல நோக்கம். அதற்காக மக்கள் விரும்பிய பாட்டின் வாயை அடைத்தது தவறான வழி. கேட்பவர்கள் வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பிக்கொண்டார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக நிறுவிய 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி போருக்குப் பின் இலங்கை வானொலிக்குக் கிடைத்தது. 1950இல் அதன் வர்த்தக சேவை தொடங்கியது. தமிழ்ப் பிரிவின் முன்னோடி அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனனின் குரல் தமிழ்நாட்டில் ஒரு நடிகரின் குரல் அளவுக்குப் பரிச்சயமானது. அவருக்குப் பின் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் எனப் பலர் வந்தார்கள். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ ஒலித்தது. பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியில் குழந்தையின் பெயரோடு அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, அத்தை, மாமா பெயர்களும் வரிசையாக வாசிக்கப்பட்டன. நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டைகள் கடல் கடந்து போயின. தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் கொழும்பிலிருந்து ஒருவர் உச்சரிக்கக் கேட்பது கிராமத்து இளைஞர்களுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்காகவே வாராவாரம் அட்டை எழுதியவர்கள் உண்டு.

இலங்கை வானொலி செய்த இன்னொரு வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒவ்வொரு பாடலுக்கும் முன் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் ஆகிய நான்கையும் அறிவிப்பாளர்கள் தவறாமல் சொன்னார்கள். திரையரங்கில் பெயர் ஓடும்போது எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவரும் இதனால் ஏ.எம். ராஜாவின் குரலையும் பி.பி. ஸ்ரீனிவாஸின் குரலையும் பிரித்து அறிந்தார். கண்ணதாசன் எழுதியது எது, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதியது எது என்று டீக்கடையில் வாதம் நடந்தது. பின்னாளில் பதிவுக் கடைக்கு வந்த பட்டியல்கள் அத்தனை துல்லியமாக இருந்ததற்கு இந்தப் பயிற்சியே காரணம். 1957இல் அகில இந்திய வானொலி இறங்கிவந்து விவித் பாரதியைத் தொடங்கியது. ‘தேன் கிண்ணம்’ போன்ற நிகழ்ச்சிகள் தமிழ்க் காதுகளைப் பாதி மீட்டன. மறுபாதி 1980கள் வரை கொழும்பிலேயே இருந்தது.

ஊர்ப் பொதுவில் பாட்டுக்கு இன்னொரு உரிமையாளரும் இருந்தார். அவர் ‘மைக் செட்’காரர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் தென்னை மரத்திலோ கமுகுக் கம்பத்திலோ கூம்புக் குழாய் கட்டிய பிறகே விழா தொடங்கியதாகக் கணக்கு. சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் ஆரம்பித்து, எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள், டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாடல்கள் வழியாகத் திரைப்பாட்டுக்கு வருவது எழுதப்படாத வரிசை. இஸ்லாமியர் வீட்டு விசேஷத்தில் அந்த இடத்தில் நாகூர் ஹனிபா இருப்பார். இரவில் படத்தின் கதைவசனம் போடுவார்கள். 1984இல் வந்த ‘விதி’யின் நீதிமன்ற வசனம் படத்தைப் பார்க்காதவர்களுக்கும் மனப்பாடமானது இப்படித்தான். ஒரு மைல் தூரத்து வயலில் களை எடுப்பவருக்கும் பாட்டு கேட்டது. அவர் விரும்பிய பாட்டு வருவதும் வராததும் அவர் அதிர்ஷ்டம்.

பிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஓட்டன்ஸ் தலைமையிலான குழு உருவாக்கிய கேசட் 1963இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகமானது. 3.81 மில்லிமீட்டர் அகல நாடா, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகம், சட்டைப்பையில் அடங்கும் பெட்டி. இது தமிழ்நாட்டுச் சிற்றூர்களை எட்டப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. கொண்டுவந்தவர்கள் இசை வணிகர்கள் அல்லர், வெளிநாட்டில் உழைத்தவர்கள். 1973க்குப் பிந்தைய எண்ணெய் வளக் காலத்தில் வளைகுடாவுக்குப் போனவர்களும், எம்.வி. சிதம்பரம் கப்பலில் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து திரும்பியவர்களும் ஒரு நேஷனல் பானசோனிக் அல்லது ஷார்ப் ‘டூ இன் ஒன்’ இல்லாமல் ஊர் திரும்பவில்லை. இராமநாதபுரம், தஞ்சை மாவட்டக் கரையோர ஊர்களில் அது சென்னைக்கு முன்பே பழகிய பொருளாக இருந்தது. சென்னையில் பர்மா பஜார் அதன் சந்தையானது. பிரிந்திருந்த குடும்பங்களுக்கு அந்தப் பெட்டி பாட்டுக்கு மட்டும் பயன்படவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய் கேசட்டில் பேசி அனுப்பினாள், மகன் அதே கேசட்டில் பதில் பேசி அனுப்பினான்.

டூ இன் ஒன்னில் வானொலியும் டேப்பும் ஒன்றாக இருந்ததால், முதலில் வீட்டிலேயே பதிவு தொடங்கியது. விருப்பமான பாட்டு வானொலியில் வரும் நொடியில் பதிவு விசையையும் பிளே விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். தொடக்க இசையில் இரண்டு நொடி போய்விடும், முடிவில் அறிவிப்பாளரின் பாதிச் சொல் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாதிச் சொல்லோடு சேர்த்தே அந்தப் பாட்டை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். குறையில்லாத பதிவு வேண்டியவர்கள் தட்டு வைத்திருந்தவரைத் தேடிப் போனார்கள். பதிவுக் கடை பிறந்தது அந்தத் தேவையில்.

கடைக்கான முதலீட்டில் பெரும்பகுதி தட்டுகளுக்கே போனது. ஹெச்எம்வி, இன்ரெகோ, எக்கோ, சங்கீதா ஆகிய நிறுவனங்களின் நெடுநேரத் தட்டுகளும், நான்கு பாடல் அடங்கிய சிறு தட்டுகளும் வரிசை எண்ணிட்டு அடுக்கப்பட்டன. 1976இல் ‘அன்னக்கிளி’யோடு தொடங்கிய இளையராஜாவின் பெருக்கம் கடைகளுக்கு ஓயாத வேலை கொடுத்தது. புதுத் தட்டு வந்த அன்று வாசல் ஸ்பீக்கரில் அதைப் போடுவதே விளம்பரம். சைக்கிளை நிறுத்தி ஒரு பாட்டை முழுதாகக் கேட்டுவிட்டுப் போவது அன்றைய இளைஞர்களின் வழக்கம். அதைக் கடைக்காரரும் தடுக்கவில்லை.

கவுண்டரில் தடித்த நோட்டுகள் கிடக்கும். படப்பெயர் அகர வரிசையில் ஒன்று, பாடகர் வாரியாக ஒன்று, பக்திப் பாடல்களுக்கு ஒன்று. பட்டியலோடு வராதவர் நோட்டைப் புரட்டிப் பார்த்து எண்களைக் குறித்துக் கொடுப்பார். 60 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாடல், நெருக்கிப் போட்டால் ஏழு. 90 நிமிடத்தில் பக்கத்துக்கு ஒன்பது, பத்து. டிடிகே, சோனி, மேக்செல் என்றால் மதிப்பு, மெல்ட்ராக் என்றால் சிக்கனம். 90 நிமிட நாடா மெல்லியது, சீக்கிரம் சிக்கிக்கொள்ளும் என்று விவரம் தெரிந்த கடைக்காரர் 60ஐயே பரிந்துரைத்தார்.

பதிவு செய்பவரின் கைத்திறன் காதில் தெரியும். தட்டைத் துடைத்து, ஊசியைப் பாட்டின் தொடக்கப் பள்ளத்தில் கணக்காக இறக்க வேண்டும். அளவுமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் குரல் பிசிறும், மிகக் கீழே நின்றால் நாடாவின் இரைச்சல் மேலோங்கும். 1950களின் பாட்டு ஒலியில் மெலிந்தும் 1980களின் பாட்டு தடித்தும் இருக்கும். இரண்டும் அடுத்தடுத்து வரும்போது கேட்பவர் ஒலி விசையைத் திருக வேண்டியிராதபடி சமன்படுத்துவது நல்ல கடையின் பெயரை நிலைநாட்டியது. பக்கத்தின் கடைசியில் இரண்டு நிமிடம் மிஞ்சினால் இன்னொரு பாட்டைத் தொடங்கிப் பாதியில் அறுக்க மாட்டார். ஏதேனும் வாத்திய இசையை இட்டு மெல்லத் தணித்து முடிப்பார். முடிந்ததும் கேசட்டின் முதுகிலுள்ள இரு சிறு தகடுகளை உடைத்துவிடுவார், அதன்மேல் தவறியும் வேறு பதிவு ஏறாது. மனம் மாறிய வாடிக்கையாளர் அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டி மறுபடி கொண்டுவருவதும் நடக்கும். உறைக்குள் வைக்கும் அட்டையில் முத்து முத்தான எழுத்தில் பாடல்களை எழுதித் தருவது சில கடைகளின் தனிச் சிறப்பு.

நிறுவனங்கள் விற்ற கேசட்டில் ஒரு படத்தின் பாடல்கள், அல்லது ஒரு பாடகரின் பாடல்கள் இருக்கும். வாடிக்கையாளரின் பட்டியல் அந்த ஒழுங்கை மதிக்கவில்லை. கந்த சஷ்டி கவசமும் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதமும் காலைக்கென ஒரு பக்கத்தில் வரும். மறுபக்கத்தில் எம்.ஜி.ஆர். படத் தத்துவப் பாடல்கள் இருக்கும். பி. சுசீலாவுக்கும் எஸ். ஜானகிக்கும் நடுவே ‘பாபி’, ‘யாதோன் கி பாராத்’, ‘குர்பானி’ படங்களின் இந்திப் பாட்டு நுழையும். இந்தித் திணிப்பை எதிர்த்துப் போராடிய தலைமுறையே இந்திப் பாட்டை நேசித்துப் பதிந்துகொண்டது. இதில் முரண் ஏதும் இல்லை. திணித்ததை மறுத்தவர்கள் தாமாக விரும்பியதை எடுத்துக்கொண்டார்கள். கல்லூரி மாணவர்கள் போனி எம், ஆபா (ABBA), மைக்கேல் ஜாக்சன் கேட்டார்கள். ஏ.ஈ. மனோகரனின் இலங்கைப் பொப் பாடல்கள் எல்லாத் தரப்பினரையும் ஆட வைத்தன. திருமண வீட்டார் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் கேட்டு வந்தார்கள். கிருபானந்த வாரியாரின் சொற்பொழிவு முதியோருக்கு வேண்டியிருந்தது. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், புஷ்பவனம் குப்புசாமி ஆகியோரின் நாட்டுப்புறப் பாடல்கள் வயலிலிருந்து கேசட்டுக்கு வந்து கடைவீதியில் ஒலித்தன.

இந்தக் கலவைகளுக்குக் கடைக்காரர்கள் வைத்த வகைப்பெயர்கள் மனநிலை சார்ந்தவை: சோகம், தத்துவம், காதல், காதல் தோல்வி, தாலாட்டு, அண்ணன் தங்கை, மழை. ராகத்தின் பெயரோ காலத்தின் பெயரோ அங்கு தேவைப்படவில்லை. தமிழர்கள் பாட்டை எதற்காக வைத்திருந்தார்கள் என்பதை இந்தப் பெயர்களைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் வேறில்லை. ஒரு பட்டியலைப் பார்த்தே வந்தவருக்குக் காதல் தொடங்கியிருக்கிறதா முறிந்திருக்கிறதா என்று அனுபவமுள்ள கடைக்காரர் கண்டுகொள்வார். நேரில் சொல்ல முடியாததைப் பன்னிரண்டு பாடல்களின் வரிசையில் சொல்லிக் கையில் கொடுத்தவர்கள் ஏராளம்.

நினைவோடு இந்தக் கேசட்டுகள் கொண்ட உறவு வானொலியின் உறவிலிருந்து வேறுபட்டது. வானொலிப் பாட்டு ஒரு நேரத்தையும் இடத்தையும் நினைவூட்டும்: பள்ளிக்குக் கிளம்பும் காலை, கடையடைக்கும் இரவு. சொந்தமாகப் பதிந்த கேசட் பாடல்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டது. ஒரே கேசட்டை ஆண்டுக்கணக்கில் கேட்டவருக்கு, ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டின் முதல் இசைத்துணுக்கு தானாகவே காதில் எழும். அந்த இரண்டு பாடல்களுக்கும் அவர் எழுதிய பட்டியலைத் தவிர வேறு தொடர்பு இருக்காது. தட்டில் இருந்த கீறலின் ‘டிக் டிக்’ ஒலியும் பதிவில் சேர்ந்து, பாட்டின் ஒரு பகுதியாகவே மனத்தில் தங்கிவிட்டது.

தனியார் பேருந்துகள் இந்தத் தொழிலின் பெரிய வாடிக்கையாளர்கள். ஓட்டுநரும் நடத்துநரும் தங்கள் தடத்துக்கேற்பப் பட்டியல் கொடுத்தார்கள். முதல் நடைக்குப் பக்தி, பள்ளி நேரத்துக்குப் புதுப்பாடல், இரவு நடைக்கு மெல்லிசை. நல்ல பாட்டுப் போடும் வண்டிக்காக அடுத்த வண்டியை விட்டுவிட்டு நின்ற பயணிகள் இருந்தார்கள். முதலாளிகளுக்கும் இது தெரியும். மதுரை, திண்டுக்கல், கோவை வட்டாரங்களில் ‘பஸ் பாட்டு’ என்று ஒரு தனி ரசனையே வளர்ந்தது.

இலங்கைத் தமிழர் பகுதிகளில் இதே தொழில் ‘ரெக்கோடிங் பார்’ என்ற பெயரில் நடந்தது. போர் நடந்த 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பேட்டரிகளும் வரவில்லை. மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, சக்கரத்தில் உரசும் டைனமோவின் மின்சாரத்தில் ரேடியோவும் டேப்பும் கேட்டார்கள். சுற்றும் வேகம் குறைந்தால் பாட்டும் இழுபடும். ஒருவர் சுற்ற, சுற்றியிருப்பவர்கள் கேட்க, கை சலித்ததும் அடுத்தவர் மாறிக்கொள்வார். குண்டுவீச்சுக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவே பாட்டுக் கேட்க ஒரு சமூகம் எடுத்துக்கொண்ட இந்தப் பாடு தமிழிசையின் வரலாற்றில் இடம்பெற வேண்டிய செய்தி. ஊரைவிட்டுக் கிளம்பியவர்களின் பெட்டிகளில் கேசட்டுகளும் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போயின.

பதிவுக் கடைகள் சட்டத்துக்கு உட்பட்டு நடந்தவை அல்ல. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவை அனுமதியின்றிப் படியெடுத்து விற்பது குற்றம். 1984இல் வந்த திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கி, குறைந்தது ஆறு மாதச் சிறை, 50,000 ரூபாய் அபராதம் என நிர்ணயித்தது. ஒலிப்பதிவின் மீது தயாரிப்பாளர், உரிமையாளர் விவரங்களை அச்சிடுவதும் கட்டாயமானது. அவ்வப்போது சோதனை நடந்தது, கடைகள் சில நாள் மூடித் திறந்தன. பாடகருக்கும் இசையமைப்பாளருக்கும் சேர வேண்டிய பங்கு இந்தக் கடைகளிலிருந்து போய்ச் சேரவில்லை என்பது மறுக்க முடியாத உண்மை. அதே வேளையில், நிறுவனங்கள் மறுபதிப்புச் செய்யாமல் கைவிட்ட நூற்றுக்கணக்கான பழைய பாடல்களைப் புழக்கத்தில் வைத்திருந்தவையும் இந்தக் கடைகள்தான். ஓடாத படத்தின் ஒற்றை நல்ல பாட்டு பட்டியல்களின் வழியாகவே உயிர் பிழைத்தது.

1990களின் இறுதியில் எம்பி3 குறுந்தகடு வந்தது. ஒரே தட்டில் 150 பாடல் என்றதும் பன்னிரண்டைத் தேர்ந்தெடுக்கும் அவசியம் போய்விட்டது. வாடிக்கையாளர் பட்டியல் எழுதுவதை நிறுத்தி, ‘இளையராஜா ஹிட்ஸ் ஒன்று கொடுங்கள்’ என்று கேட்கத் தொடங்கினார். அடுத்து கைபேசி வந்தபோது பல பதிவுக் கடைகள் ரீசார்ஜ் கடைகளாக மாறி, மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தன. ஸ்மார்ட்போனும் மலிவான இணையமும் வந்த சில ஆண்டுகளில் அந்தத் தொழிலும் முடிந்தது. சோனி நிறுவனம் 2010இல் ஜப்பானில் கேசட் வாக்மேன் விற்பனையை நிறுத்தியது.

கடைகளில் இருந்த இசைத்தட்டுகளில் ஒரு பகுதி எடைக்குப் போனது. மறுபகுதியைச் சேகரிப்பாளர்கள் வாங்கி, ஒலியைத் துப்புரவு செய்து கணினியில் ஏற்றி வருகிறார்கள். இணையத்தில் இன்று கேட்கக் கிடைக்கும் அரிய தமிழ்ப் பாடல்கள் சிலவற்றின் மூலப்படி ஏதோ ஒரு சிற்றூர்ப் பதிவுக் கடையின் தட்டு. உறையின் மூலையில் நீல மையில் எழுதிய கடை வரிசை எண் சில தட்டுகளில் அழியாமல் இருக்கிறது.